பழைய ரிவால்வரும் பழுதான குழலும்

செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கப் போகிறவர்கள் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போவார்கள். அந்த மெக்கானிக் பெயிண்டையும் ஸ்டிக்கரையும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கிக்கரை ஒரு உதை, காதைக் கொடுத்து ஒரு நிமிடம் சத்தம் கேட்பது, சைலன்ஸர் வாயில் விரலை விட்டு மோந்து பார்ப்பது, அவ்வளவுதான். "இஞ்சின் வேலை இருக்கு சார்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அமெரிக்காவில் பழைய ரிவால்வர் வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். மேலே கருநீலப் பூச்சு கண்ணைப் பறிக்கும், மரப்பிடி வழவழவென்று இருக்கும். வில்லங்கம் குழலுக்குள் உட்கார்ந்திருக்கும்.

அங்கே ரிவால்வர் என்பது தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து மகனுக்கும் வருகிற சாமான். அது போதாதென்று 1980களிலும் 1990களிலும் போலீஸ் இலாகாக்கள் ரிவால்வரைக் கைவிட்டு பிஸ்டலுக்கு மாறியபோது, ஆயிரக்கணக்கான ரிவால்வர்கள் கழித்துக் கட்டப்பட்டுக் கடைகளுக்கு வந்தன. ஐம்பது வருடப் பழசு என்றாலும் இரும்பு இரும்புதானே, இன்னும் சுடுகிறது. ஆனால் அந்த ஐம்பது வருடத்தில் யார் யார் கையில் இருந்தது, என்னென்ன தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள், மழையில் நனைந்ததா என்பதெல்லாம் பில்லில் எழுதி வராது.

குழலில் என்ன கெடும் என்று தெரிய, ரிவால்வரின் உடற்கூறு கொஞ்சம் தெரியவேண்டும். ரைஃபிளிலும் பிஸ்டலிலும் தோட்டா உட்காரும் அறையும் குழலும் ஒரே துண்டு. ரிவால்வரில் அப்படி இல்லை. ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர் தனி, அதற்கு முன்னால் ஃபிரேமில் மரை போட்டுத் திருகி வைத்த குழல் தனி. சுட்டவுடன் குண்டு சிலிண்டரை விட்டுக் கிளம்பி, நடுவில் ஒரு சின்ன சந்தைத் தாண்டிக் குதித்து, குழலுக்குள் நுழைய வேண்டும். அந்தச் சந்து நல்ல ரிவால்வரில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கிலிருந்து எட்டு பங்கு வரை இருக்கும். மில்லிமீட்டரில் சொன்னால் 0.1 முதல் 0.2 வரை. தலைமுடி ஒன்றிரண்டு சேர்ந்த கனம்!

இந்தச் சந்து இல்லாவிட்டால் சிலிண்டர் சுற்றாது. இருந்தால் வெடிவாயு பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். சுடும்போது விரலை அதன் பக்கத்தில் வைத்தால் பிளேடு போட்டதுபோல் கிழித்துவிடும். (ரஷ்யாவின் 1895-ம் வருட நாகாந்த் ரிவால்வரில் மட்டும், குதிரையை இழுத்தால் சிலிண்டரே முன்னால் நகர்ந்து சந்தை அடைத்துக்கொள்ளும். அதற்கென்று தனித் தோட்டாவும் உண்டு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், ஆனால் விசையை இழுப்பதற்குள் விரல் நொந்துவிடும்.)

ஆறு அறைகளும் குழலோடு இம்மி பிசகாமல் நேர்கோட்டில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் குழலின் பின்வாயை ஒரு புனல் மாதிரி அகலமாகக் கடைந்திருப்பார்கள். ஃபோர்ஸிங் கோன் என்று பெயர். சற்று ஓரமாக வரும் குண்டையும் அந்தப் புனல் ஏந்தி, நெறிப்படுத்தி, உள்ளே அனுப்பிவிடும். குண்டின் முதல் மோதல், கொதிக்கும் வாயு, எரிந்தும் எரியாமலும் வரும் மருந்துத் துகள் எல்லாம் இதன் மேல்தான் விழும். வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி, எல்லா அடியையும் வாங்கிக்கொள்கிற இடம் இது.

சரி, குழல் எப்படியெல்லாம் கெடும்?

மிகவும் மோசமானது வீக்கம். அமெரிக்காவில் நிறையப் பேர் தோட்டாவை வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறார்கள். சுட்ட வெற்றுக்கூட்டை எடுத்து, புது ப்ரைமர் மாட்டி, மருந்தை அளந்து போட்டு, குண்டை அழுத்தினால் தோட்டா தயார். காசும் மிச்சம், பொழுதும் போகும். இதில் மருந்து போட மறந்துவிட்டால்? அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்திருக்கலாம். குண்டு மேலே உட்கார்ந்தபின் வெளியே பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. இப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டால் 'டுமீல்' வராது, 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். ப்ரைமரின் பலம் மட்டுமே குண்டைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலுக்குள் சொருகிவிடும். குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலும் மாட்டிக்கொண்டால் அதிர்ஷ்டம், சிலிண்டர் சுற்றாது, தப்பித்தார். முழுசாகக் குழலுக்குள் போய்விட்டால் சிலிண்டர் சமர்த்தாகச் சுற்றும், அடுத்த தோட்டா தயாராக நிற்கும். வேகமாகச் சுட்டுக்கொண்டிருப்பவர் அந்த 'புஸ்'ஸைக் கவனிக்காமல் விசையை மறுபடி இழுத்தால், பாய்ந்து வரும் இரண்டாவது குண்டு, அடைத்துக்கொண்டு நிற்கும் முதல் குண்டின் முதுகில் மோதும். ஈயம் பக்கவாட்டில் பிதுங்கும், பின்னாலிருந்து வாயு நெருக்கும், எஃகு தன் தாங்குசக்தியைத் தாண்டி விரிந்துவிடும். சிலசமயம் குழல் பிளந்தே போகும். ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து குண்டுகள் குழலுக்குள் அடுக்கி நின்ற ரிவால்வர்களும் உண்டு. அவற்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், பயணிகள் முண்டியடிக்கும் டவுன்பஸ் படிக்கட்டு மாதிரி இருக்கும்.

பிளந்தால் யார் கண்ணுக்கும் தெரியும். வெறும் வீக்கம்தான் ஏமாற்றும். வெளியே விரலை ஓட்டினால்கூடச் சிலசமயம் தெரியாது. சிலிண்டரைத் திறந்து, தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்து, பின்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து வெளிச்சம் விழவைத்து, வாய்ப்பக்கமிருந்து உள்ளே நோக்க வேண்டும். வீங்கிய இடத்தில் கருப்பாக ஒரு வளையம் தெரியும். சந்தேகம் தீராவிட்டால், இறுக்கமான துணியைக் கம்பியில் சுற்றி மெதுவாகத் தள்ளினால் போதும். சீராகப் போய்க்கொண்டிருக்கும் கை ஓர் இடத்தில் சட்டென்று லேசாகிவிடும். அங்கேதான் வளையம்.

இதில் ஒரு வேடிக்கை. வளையம் விழுந்த குழல் பல சமயம் ஒழுங்காகவே சுடுகிறது. வருடக்கணக்காக அதை வைத்துக் குறி பிசகாமல் சுட்டுவிட்டு, விற்கப் போகும்போது கடைக்காரர் காட்டித் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்காக அதைக் குறைசொல்லாமல் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு தடவை விரிந்த எஃகு எவ்வளவு பலவீனமாகியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வீக்கம் எங்கே என்பதைப் பொறுத்தும் விஷயம் மாறும். வாய்ப்பக்கம் கடைசி அரை அங்குலத்தில் என்றால், அந்தத் துண்டை அறுத்துவிட்டு வாயை மறுபடி கடைந்து, முன்சைட்டை இடம் மாற்றினால் ரிவால்வர் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். சிலிண்டருக்குப் பக்கத்தில், மரை இருக்கிற இடத்தில் என்றால் குழலை மறந்துவிட வேண்டியதுதான். கூடவே ஃபிரேமையும் கவனமாகச் சோதிக்க வேண்டும்.

துரு அடுத்த எதிரி. பழைய காலத்து ப்ரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் குழலுக்குள் ஒரு வகை உப்பை விட்டுச் செல்லும். காற்றிலுள்ள ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொள்ள, ராத்திரியோடு ராத்திரியாகத் துரு பிடித்துவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் போகும். துப்பாக்கியைத் தண்ணீரில் கழுவுவதா என்று தயங்கியவர்களின் குழல்கள் இன்றைக்கு அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருக்கின்றன. ஆனாலும் உள்ளே சொரசொரப்பாகத் தெரிவதெல்லாம் துருவின் குழியல்ல. ஈயக் குண்டு சுட்ட குழலில் பள்ளம் பூராவும் ஈயம் அப்பிக்கொண்டு அதே மாதிரிதான் தெரியும். நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்தபின்தான் குழல் கெட்டதா, வெறும் அழுக்கா என்று தீர்ப்புச் சொல்லலாம். 'கெட்டுப்போன குழல்' என்று மலிவாக விற்கப்படும் சில ரிவால்வர்களுக்கு வேண்டியது ஒரு மணி நேரக் கைவேலைதான்.

இன்னொன்று, பார்க்கச் சின்னது, பேசாமல் கொல்வது: ஃபோர்ஸிங் கோனில் விரிசல். இதற்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19. 1955-ல் வந்த இந்த ரிவால்வரின் பின்னால் இருந்தவர் பில் ஜோர்டான் என்ற எல்லைக் காவல்படை அதிகாரி, வேகமாகத் துப்பாக்கி உருவுவதில் பெயர் பெற்றவர். நாள் முழுக்க இடுப்பில் தொங்குவதால் எடை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் .357 மேக்னம் தோட்டாவைச் சுட வேண்டும் என்பது அவர் கேட்டது. கம்பெனி என்ன செய்தது? 1899 முதல் .38 ஸ்பெஷல் ரிவால்வர்களுக்காக இருந்த நடுத்தர ஃபிரேமை எடுத்து, நல்ல எஃகில் பதமேற்றி, அதில் மேக்னத்தைப் பொருத்திக் கொடுத்தது. இரண்டு தோட்டாவுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான். ஆனால் .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357 மேக்னத்துக்கு 35,000. அப்படியே இரட்டிப்பு. ஸ்கூட்டர் சேஸிஸில் புல்லட் இஞ்சினை மாட்டிய மாதிரி.

அந்தச் சின்ன ஃபிரேமுக்குள் எல்லாவற்றையும் திணிக்கும்போது ஓர் இடத்தில் கை இடித்தது. சிலிண்டரைத் தாங்கி வெளியே ஆடும் கைக்கு இடம் விட, குழலின் பின்வாயில் அடிப்பக்கம், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், கொஞ்சம் தட்டையாகச் சீவிவிட்டார்கள். அங்கே மட்டும் எஃகு மெலிந்து போனது. பயிற்சிக்கு .38, பணிக்கு .357 என்பதுதான் அந்நாளைய வழக்கம். அதனால் பல வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடு, எதைத் தெருவில் சுடுவார்களோ அதையே பயிற்சியிலும் சுட வேண்டும் என்று போலீஸ் இலாகாக்கள் மாறின. நியாயமான மாற்றம்தான். கூடவே 125 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் எடையுள்ள இலேசான, அதிவேகக் குண்டுகளும் புழக்கத்துக்கு வந்தன. குட்டையான குண்டு சீக்கிரமே கூட்டை விட்டு வெளியேறிவிட, பின்னால் எரிந்துகொண்டே வரும் நிறைய மருந்து நேராகக் கோனைத் தாக்கும். ஆறு மணியில் விரிசல் விழ ஆரம்பித்தது. கம்பெனி 1980-ன் வாக்கில் சற்றுப் பெரிய ஃபிரேமில் 586, 686 என்று புது மாடல்களைக் கொண்டுவந்து இதற்குத் தீர்வு கண்டது. 19-ஐ 1999-ல் நிறுத்தியது, 2018-ல் மறுபடி கொண்டுவந்தது. ஆனால் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் பழைய 19-களின் கதி?

அமெரிக்காவில் அடிக்கடி நடப்பது இதுதான். அப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடம் இடுப்பில் தொங்கிய மாடல் 19-ஐ இலாகாவிடமே விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். அவர் போனபின் மகன் கைக்கு வரும். ஹோல்ஸ்டரில் உரசி உரசி வாய்ப்பக்கப் பூச்சு வெளுத்திருக்கும், பிடியில் அப்பாவின் உள்ளங்கை வழுவழுப்பு. அப்பாவின் நினைவாக வருடத்துக்கு ஒருநாள் சுடலாம் என்று மகன் எடுத்துப்போய்ப் பட்டறைக்காரரிடம் காட்டுவார். அவர் சிலிண்டரைத் திறந்து, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வழியாக ஆறு மணிப் பக்கம் பார்த்துவிட்டு, மயிரிழை மாதிரி ஒரு கோட்டைக் காட்டுவார்.

இனி என்ன செய்வது?

பற்றவைத்து ஒட்டலாமே என்பது முதலில் தோன்றும் யோசனை. கூடாது. சூட்டில் எஃகின் பதம் போய்விடும், அடுத்த மேக்னத்துக்கு அது மறுபடி வாயைத் திறக்கும். ".38 மட்டும் சுட்டுக்கொள்கிறேன்" என்பார்கள் சிலர். விரிசல் விழாத குழலுக்கு அது அருமையான யோசனை. விழுந்த குழலுக்கு அது வெறும் வாய்தா.

குழலைப் பின்னுக்குத் தள்ளுவது என்று ஒரு வைத்தியம் உண்டு. குழலைக் கழற்றி, அதன் தோளை ஒரு மரை அளவுக்குச் சீவி, இன்னும் ஒரு முழுச் சுற்று உள்ளே திருகி, பின்பக்கம் துருத்தும் பழைய வாயைக் கடைந்துவிடுவது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழலில் அங்குலத்துக்கு 36 மரை. ஆக ஒரு சுற்றுக்கு 0.7 மில்லிமீட்டர்தான் பின்னால் வரும். அரித்துப்போன கோனுக்கும், அகன்றுபோன சந்துக்கும் இது போதும். விரிசல் பெரும்பாலும் அதைவிட ஆழமாக ஓடியிருக்கும். தவிர, குழலுக்கு அடியில் எஜெக்டர் கம்பியின் நுனியைப் பிடிக்கும் பூட்டும் குழலோடு சேர்ந்து 0.7 மில்லிமீட்டர் பின்னால் வந்துவிடும். அப்புறம் கம்பியைக் குறைக்க வேண்டும், பூட்டைச் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது இழுக்கும்.

கடைசியில் வேறு குழல் மாற்றுவதுதான் வழி என்று முடிவாகும். கேட்க எளிது, பழையதைத் திருகிக் கழற்றிப் புதியதைத் திருக வேண்டியதுதானே! இந்த 'தானே'யில்தான் எத்தனையோ நல்ல ரிவால்வர்கள் செத்திருக்கின்றன. குழலைப் பெஞ்ச் வைஸில் கடித்து, ஃபிரேமின் நடுவே, சிலிண்டர் இருந்த காலி இடத்தில், ஒரு சுத்தியல் பிடியை நுழைத்து நெம்புவது கைவசமுள்ள வழி. ஃபிரேம் பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் நடுவில் ஒரு பெரிய ஓட்டையுள்ள சட்டம்தான். நெம்பினால் முறுக்கிக்கொள்ளும். குழல் மரைக்கு அடியில் இருக்கும் மெல்லிய பகுதி விரிந்தோ பிளந்தோ போகும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு ஆறு அறைகளும் குழலோடு ஒட்டாது. அதனால்தான் பட்டறைக்காரர்கள் அந்தந்த ஃபிரேமின் வடிவத்துக்கே செதுக்கிய கட்டைகளை வைத்து, குழல் நுழையும் முன்பகுதியை மட்டும் அணைத்துப் பிடிக்கும் தனி ஸ்பானர் வைத்திருக்கிறார்கள். குழலுக்கும் அதன் உருவத்துக்கேற்ற கவ்வுகட்டை. ஒரே ஒரு ரிவால்வருக்காக இதையெல்லாம் வாங்குவதற்கு, ஆளிடம் கொடுப்பது மலிவு.

இன்னொரு கண்ணியும் உண்டு. 1982-ன் வாக்கு வரை இந்தக் கம்பெனி குழலைத் திருகியதோடு விடாமல், ஃபிரேமுக்குக் குறுக்கே ஒரு சிறு ஆணியை அடித்து, இருபுறமும் அராவி, மேலே பூச்சும் பூசிவிடும். கவனித்துப் பார்த்தாலொழியத் தெரியாது. அதைத் தட்டி எடுக்காமல் குழலை முறுக்கினால்... விளக்கத் தேவையில்லை :-)

குழல் கழன்றது. புதியதற்கு எங்கே போவது? பழைய மாடல்களுக்கான குழலைக் கம்பெனி இப்போது செய்வதில்லை. வேறு சில கம்பெனிகளோ குழலைத் தனியாக விற்பதே இல்லை, துப்பாக்கியை எங்களிடமே அனுப்புங்கள் என்கின்றன. ஆக, பழைய சாமான் சந்தைதான் கதி. அமெரிக்காவில் 1968-ம் வருடத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஃபிரேம்தான் 'துப்பாக்கி'. வரிசை எண் அதில்தான் இருக்க வேண்டும். குழலும் சிலிண்டரும் மத்தியச் சட்டத்தின் கண்ணில் வெறும் உதிரிபாகம். இந்த ஒரு வரியால் ஒரு விசித்திரமான வியாபாரம் உண்டாகியிருக்கிறது. போலீஸ் அழிப்பதற்காக ஒப்படைக்கும் துப்பாக்கிகளில், ஃபிரேமை மட்டும் நசுக்கிவிட்டு மற்ற பாகங்களைக் கிட்டாகக் கட்டி விற்கும் நிறுவனங்கள் இருப்பதை 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. தன் வீட்டுத் துப்பாக்கி இனி யார் கைக்கும் போகக்கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒப்படைத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்தக் கிட்டுகளில் ஒன்றின் குழல்தான், அப்பாவின் நினைவைக் காப்பாற்ற நினைக்கும் மகனுக்குக் கிடைக்கப்போவதாகவும் இருக்கலாம். சட்டத்தை எழுதியவர்கள் இப்படியொரு முடிச்சை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

குழல் கிடைத்தபின் நடப்பது பொறுமைக்காரர்களின் வேலை. குழலைக் கையால் திருகி முடித்ததும் முன்சைட் நேர் உச்சியில் நின்றுவிட்டால் தவறு. சில டிகிரி முன்னாலேயே நின்று, மிச்சத்தை ஸ்பானர் போட்டு முறுக்கும்போதுதான் இறுக்கம் கிடைக்கும். கையால் திருகும்போதே அதிகம் முன்னால் நின்றால் தோளைச் சீவ வேண்டும். 36 மரைக் கணக்கில், முன்சைட் பத்து டிகிரி திரும்ப, தோளில் 0.02 மில்லிமீட்டர் குறைய வேண்டும். ஒரு காகிதத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! கொஞ்சம் அதிகம் சீவிவிட்டால் முன்சைட் உச்சியைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்து நிற்கும். சாய்ந்த முன்சைட்டோடு திரியும் பழைய ரிவால்வர்களைக் கடைகளில் பார்க்கலாம். அளவுக்கு மீறி முறுக்கினாலோ மரை இருக்கும் இடத்தில் குழலின் உட்துளையே நெரிந்து சுருங்கும். ஒவ்வொரு குண்டும் அங்கே ஒரு சுற்று இளைத்துவிட்டு, அப்புறம் அகலமான குழலில் தளர்ந்து ஓடும். குறி எப்படி இருக்கும்? மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றை உள்ளே தள்ளிப் பார்த்தால் கை அந்த நெரிசலை உடனே உணரும்.

முன்சைட் நின்றபின் சந்து. குழலின் பின்வாய் வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக வரும். வாய்ப்பக்கமிருந்து ஒரு கம்பியை விட்டு, பின்முனையில் வெட்டுக்கத்தியை மாட்டி, கையால் சுற்றிச் சுற்றி இழுத்துச் சீவுவார்கள். நாலு சுற்று, நிறுத்து, துடை, சிலிண்டரைப் போடு, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார். மறுபடி நாலு சுற்று. ஆயிரத்தில் ஆறு பங்கு வந்ததும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அப்புறம் அதே கம்பியில் ரீமரை மாட்டி, 11 டிகிரிச் சாய்வில் புது ஃபோர்ஸிங் கோன். கடைசியில், ஆணி நுழைய வேண்டிய குறுக்குப் பள்ளமும் எஜெக்டர் கம்பிப் பூட்டும்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, குழலை ஸ்க்ரூ மாதிரி கழற்றி மாட்டுகிறபடி செய்தால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை நிறுவியவர்களில் ஒருவரின் கொள்ளுப்பேரன் டான் வெஸ்ஸன், 1968-ல் தனிக்கடை போட்டார். கார்ல் லூயிஸ் என்பவர் வடிவமைத்த அவருடைய ரிவால்வரில் குழல் ஒரு மெல்லிய உள்குழாய். அதன்மேல் ஓர் உறை, வாய்ப்பக்கம் ஒரு நட்டு. பெட்டியிலேயே ஒரு ஸ்பானரும் சந்தை அளக்க ஒரு தகடும் கொடுத்துவிடுவார்கள். தகட்டைச் சிலிண்டர் முன்னால் வைத்துக் குழாயைத் திருகு, உறையைப் போடு, நட்டை இறுக்கு, தகட்டை உருவு. ஐந்து நிமிட வேலை! காலையில் இரண்டரை அங்குலக் குழல், மத்தியானம் எட்டு அங்குலம். இரு முனையிலும் இழுத்துக் கட்டிய தந்திபோல் நிற்பதால் குறியும் பிரமாதம் என்று குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனாலும் இந்த யோசனை உலகத்தை ஆளவில்லை. சாதாரணமாக வாங்குகிறவருக்கு ஒரு குழலே ஆயுசுக்கும் போதும் என்பது காரணமாக இருக்கலாம்.

சரி, குழல் மாற்றினால் அது இன்னும் அப்பாவின் ரிவால்வர்தானா?

சேகரிப்பாளர்களிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரிவால்வர்களில் ஃபிரேம், சிலிண்டர், குழல் மூன்றிலும் ஒரே எண் அடித்திருக்கும். அவை பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் ஒரு விலை. இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. அமெரிக்க ராணுவம் 1873 முதல் வாங்கிய கோல்ட் ரிவால்வர்கள் குதிரைப்படைக்கானவை, குழல் ஏழரை அங்குலம். 1890களில் அவற்றைத் திரும்ப வரவழைத்து, பிரித்துப் பழுதுபார்த்து, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி மறுபடி கோத்தார்கள். அப்போது எந்தக் குழல் எந்த ஃபிரேமில் இருந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆகையால் 'ஆர்ட்டிலரி மாடல்' என்று அழைக்கப்படும் அவற்றில் எண்கள் கலந்திருப்பதுதான் இயல்பு. எல்லா எண்ணும் ஒத்துப்போனால்தான் சந்தேகப்படுவார்கள்! ராணுவத்தின் பட்டறையில் கலந்தால் சரித்திரம், தெருக்கோடிப் பட்டறையில் கலந்தால் குறை. நியாயமா என்று கேட்கக்கூடாது.

பழைய குழலை வெளியே எறியாமல் காப்பாற்ற ஒரு வழி உண்டு, உள்ளே லைனர் போடுவது. கெட்ட துளையைப் பெரிதாகக் குடைந்து, ரைஃப்ளிங் வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயைச் செருகிப் பிடிக்கச் செய்வது. வெளித்தோற்றம், முத்திரைகள், அப்பாவின் ஹோல்ஸ்டர் தேய்த்த தடம் எல்லாம் அப்படியே இருக்கும். .22 போன்ற சிறு தோட்டாக்களுக்கு இது காலங்காலமாக நடக்கிற வேலை. மேக்னத்துக்குச் செய்ய ஆட்கள் இருந்தாலும், ஆறு மணியில் ஏற்கெனவே மெலிந்து விரிசலும் விட்ட வாய்க்குள் இன்னும் குடைவது சரியான யோசனையாகத் தெரியவில்லை. குழிவிழுந்த குழலுக்கு லைனர், விரிசல் விட்டதற்கு வேறு குழல் என்பதே பாதுகாப்பான கணக்கு. சுடவே போவதில்லை என்றால் எதையும் தொடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், ஆனால் விரிசல் இருப்பதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். அடுத்த தலைமுறைக்கு யாரும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை.

வாங்கும் முன்னாலேயே பார்த்துவிடுவது இதையெல்லாம்விட மலிவு. விரிசலை, வளையத்தை, குழிகளை எப்படிப் பார்ப்பது என்பது மேலே வந்துவிட்டது. அதோடு ஃபிரேமின் மேல்பட்டையில், சந்துக்கு நேர்மேலே, வாயு வெட்டிய கோடு எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். லேசான கோடு சகஜம், நகம் மாட்டும் பள்ளம் சகஜமில்லை. சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். சினிமாவில் ஹீரோ மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி சிலிண்டரை 'டக்'கென்று மூடுவாரே, அப்படிக் கடைக்காரர் யாராவது மூடிக்காட்டினால் பேசாமல் நடையைக் கட்டலாம். சிலிண்டரைத் தாங்கும் கை அதில் வளையும், ஹீரோவுக்கு யாரும் சொல்லவில்லை போல.

மகனின் ரிவால்வர் பட்டறையிலிருந்து வரும் முன் ஒரு வேலை பாக்கி. ஆறு அறைகளும் குழலோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒரு நேர்கம்பியை வாய்வழியாக விட்டு, ஒவ்வோர் அறைக்கும் தடங்கலில்லாமல் இறங்குகிறதா என்று சோதிப்பார்கள். பிறகு துப்பாக்கியை ஒரு தாங்கியில் கட்டி, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுத்து, முதலில் .38 ஆறு. வெற்றுக்கூடுகளை எடுத்துப் பார்த்து, சந்தை மறுபடி அளந்து, அதே ஆயிரத்தில் ஆறு பங்கு இருந்தால் .357 ஆறு. மறுபடி டார்ச், மறுபடி பூதக்கண்ணாடி, மறுபடி ஆறு மணிப் பக்கம். கழற்றிய பழைய குழலை எண்ணெய்த் துணியில் சுற்றி, ஆணியையும் ஒரு சின்ன உறையில் போட்டு, துப்பாக்கியோடு சேர்த்தே கையில் கொடுப்பார்கள்.